மஞ்சள் விமானம் நிற்கட்டும்

திங்கள், ஜூலை 14

காலையிலிருந்து புழுக்கம். கடல் பக்கமிருந்து காற்றே இல்லை.

எழுத்து கோணலும் மாணலுமாக இருக்கிறது. இந்த நோட்டு பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒரு கோட்டில் தொடங்குகிறேன், முடிக்கும்போது அடுத்த கோட்டில் இறங்கி நிற்கிறேன். நாற்பது வருடம் கெமிக்கல் கம்பெனியில் டிரம் உருட்டிய கை இது. பேனா இதற்கு ரொம்ப லேசு. அழுத்திப் பிடித்தால்தான் கையில் ஏதோ இருப்பது தெரிகிறது. அழுத்தினால் தாள் கிழிகிறது.

டீச்சர் சொன்னது: தினமும் நாலு வரி. மனதில் வருவது எதுவானாலும். யாரும் பார்க்க மாட்டார்கள்.

வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரை இன்று படித்தவை: பஞ்சர் கடை. மாவு அரைக்கப்படும். இங்கே குப்பை கொட்டாதீர் (கொட்டியிருந்தது). மினி லாரியின் பின்னால் ‘அம்மா’. அது சுலபம்.

மாலை வகுப்பில் படம். குடிகாடு பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு அறை. பத்துப் பேர், எல்லாரும் என்னைப் போலப் பெரிசுகள். செல்வி டீச்சர் லேப்டாப்பை வைத்துச் சுவரில் படம் காட்டுகிறார். பொம்மைப் படம்தான், எல்லாம் வரைந்தது. தூர தேசத்துப் படம். பேச்சு புரியாது. கீழே தமிழில் எழுத்து வரும். வந்ததும் டீச்சர் ஒரு பட்டனைத் தட்டுவார், படம் அப்படியே நிற்கும். பத்துப் பேரும் படித்து முடித்தால்தான் மறுபடி தட்டுவார்.

அதனால் எங்கள் சுவரில் விமானம் நின்று நின்று போகிறது. மஞ்சள் விமானம், இரண்டு சீட்டு. மீன் விற்கும் பாக்கியம்தான் எப்போதும் கடைசி. அவள் ஒரு வரி முடிக்கும் வரை விமானம் கடலுக்கு மேல் காத்துக்கொண்டிருக்கும். இன்று பாக்கியத்துக்கு இருமல் வந்துவிட்டது. விமானமும் அவள் தண்ணீர் குடித்து வரும் வரை நின்றது. எனக்கு அது ரொம்பப் பிடித்தது. உலகத்தில் எதுவும் பாக்கியத்துக்காக அவ்வளவு நேரம் நின்றதில்லை.

எழுத்து வராத இடத்தை டீச்சர் ஓட்டிவிடுவார். பாடம் முடிய வேண்டும் அல்லவா. அப்போது விமானம் ஈ மாதிரி விர்ரென்று போகும்.

போதும். கை வலி.


செவ்வாய், ஜூலை 15

புழுக்கம்தான். மதியம் இரண்டு தூறல், மண் கூட நனையவில்லை.

கதையை எழுதி வைக்கிறேன், மறந்துவிடும். படத்தின் பெயர் ‘விளக்குத் தீவு’. கடலுக்கு நடுவில் கடைசித் தீவு. அதில் ஒரு கலங்கரை விளக்கம். அதன் பெரிய கண்ணாடி உடைந்துவிட்டது. விளக்கு இல்லாமல் படகுகள் தடுமாறுகின்றன. லீனா என்று ஒரு பொம்பளை, நாற்பது வயது இருக்கும், மெக்கானிக். கையெல்லாம் கிரீஸ். புதுக் கண்ணாடியைத் தன் விமானத்தின் பின் சீட்டில் வைத்து, மெத்தை சுற்றிக் கட்டி எடுத்துப் போகிறாள். குலுங்கக் கூடாது. குட்டிக்கரணம் போடக் கூடாது. பின்னால் பலூன் கப்பலில் மூன்று திருடர்கள் துரத்துகிறார்கள். அண்ணன் தம்பிகள். திருட வந்த இடத்தில் யார் சமைப்பது என்று சண்டை.

லீனா தனக்குத் தானே சொல்கிற வரி. இன்று எல்லாருக்கும் முன்னால் நான்தான் படித்து முடித்தேன்:

மெதுவாகப் போ. பின்னால் கண்ணாடி தூங்குகிறது.

வீட்டுக்கு வரும்போது சைக்கிளை ஓட்டாமல் தள்ளிக்கொண்டு வந்தேன். கேரியரில் முட்டை இருந்தது.

அஞ்சலை, என் வீட்டுக்காரி, கேட்டாள். “என்னாங்க, சைக்கிள் பஞ்சரா?”

“இல்ல. பின்னாடி தூங்குது.”

“யாரு?”

“முட்டை.”

ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

டிவியில் பழைய படம் போட்டான். பெயர் ஓடும்போது எழுந்து பக்கத்தில் போய் நின்று படித்தேன். ஐந்தாவது படம் இது. ஐந்திலும் இல்லை. என்ன இல்லை என்பதை நாளைக்கு எழுதுகிறேன். கொஞ்சம் பெரிய சங்கதி.


புதன், ஜூலை 16

அந்த சங்கதி.

என் மச்சான் தண்டபாணி. அஞ்சலையின் அண்ணன். சிதம்பரத்தில் இருக்கிறார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சின்ன வயதில் அவரும் நானும் பார்க்காத படம் இல்லை. எனக்கு எழுத்து தெரியாது என்று அவருக்குத் தெரியும். ஒரு நாள்கூட அதைச் சொல்லிக்காட்டியதில்லை. இருட்டில் என் காதோடு வாய் வைத்து எல்லாம் படித்துச் சொல்வார். படத்தின் பெயர், நடிகர் பெயர், நடுவில் கடிதம் காட்டினால் கடிதம், தந்தி காட்டினால் தந்தி.

ஒவ்வொரு படத்திலும் பெயர் ஓடும்போது ஒரு இடத்தில் என் தொடையில் தட்டுவார். “மச்சான், உன் பேரு வந்துடுச்சி பாரு. கலியமூர்த்தி.” ஒரு படத்தில் தச்சு வேலை கலியமூர்த்தி. இன்னொன்றில் சண்டை உதவி கலியமூர்த்தி. சினிமாவில் என் பேரில் ஒரு மனிதர் எல்லா வேலையும் செய்கிறார் என்று நம்பினேன். கம்பெனியில் எல்லாரிடமும் சொன்னேன். பையன் கல்யாணத்துக்கு அவருக்கும் ஒரு பத்திரிகை அனுப்பலாமா என்றுகூட யோசித்தேன்.

இப்போதுதான் படிக்க வந்தது. அவர் காட்டிய அதே பழைய படங்கள். கலியமூர்த்தி எதிலும் இல்லை.

கோபம் வரவில்லை. டிவி முன்னால் நின்று தனியாகச் சிரித்தேன். இத்தனை வருடம் ஒருத்தன் மெனக்கெட்டு இன்னொருத்தன் பெயரைத் திரையில் போட்டிருக்கிறான்.

மச்சானுக்கு இப்போது கண் இல்லை. கண்ணில் நீரழுத்த நோய். இரண்டு வருடத்தில் இரண்டு கண்ணும் போய்விட்டது. அதற்குப் பிறகு வாசல் தாண்டவில்லை. கல்யாணம், காதுகுத்து, எதற்கும் இல்லை. கோயில் பக்கத்துத் தெருவில் வீடு, தரிசனத்துக்குக்கூடப் போவதில்லை. அஞ்சலை போன் செய்தால் இரண்டு வார்த்தை. வை என்பார்.


வியாழன், ஜூலை 17

ஆடி பிறந்தது. காற்றும் பிறந்தது. துணி உலர்த்தும் கயிறு அறுந்து அஞ்சலையின் புடவை பக்கத்து வீட்டு முருங்கையில்.

டீச்சர் வகுப்பில் சொன்னார்: கடலூரில் சிறுவர் பட வாரம். வர்ற 26, சனிக்கிழமை காலை, தியேட்டரிலேயே நம் படத்தைப் பெரிய திரையில் போடுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு. எழுத்தறிவு வகுப்புக்காரர்களும் வரலாம், வீட்டு ஆட்களையும் அழைத்து வரலாம்.

அந்த நிமிடமே தோன்றிவிட்டது. மச்சானை அழைத்து வர வேண்டும். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, காதோடு வாய் வைத்து, கீழே வருகிற எழுத்தை எல்லாம் நான் படித்துச் சொல்ல வேண்டும். அவர் எனக்குச் செய்தது போல.

அஞ்சலையிடம் சொன்னேன். வெங்காயம் நறுக்கியவள் கத்தியை வைத்துவிட்டாள்.

“எங்க அண்ணன் வாசல்ப்படியே தாண்டல. நீங்க சினிமாவுக்குக் கூப்புடுறீங்க.”

“கூப்ட்டுப் பாக்கறேன்.”

“வந்தாலும், நீங்க ஒரு வரி படிக்கறதுக்குள்ள படம் முடிஞ்சி சனம் வீட்டுக்குப் போயிடும்.”

அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. தியேட்டரில் பட்டன் தட்ட யார்?


வெள்ளி, ஜூலை 18

காற்று. வகுப்பறை ஜன்னல் கொக்கி இல்லாமல் அடித்துக்கொண்டே இருந்தது.

டீச்சரிடம் கேட்டேன், “ஒரு தடவை நிறுத்தாம ஓட்டுங்கம்மா.”

“நிறுத்தாமலா? கஷ்டமா இருக்குமே ஐயா.”

“இருக்கட்டும்.”

ஓட்டினார். ‘மெதுவா’ என்று படித்தேன். போய்விட்டது. அடுத்தது வந்தது. ‘திருடர்க’. போய்விட்டது. இரண்டு நிமிடத்தில் நான் முழுதாகப் படித்தது ஒரே வரி: ‘ஐயோ’.

பாக்கியம் பெஞ்சில் அடித்துச் சிரித்தாள். “இன்னா வேகம்! நம்ம ஓல்டு டவுன் பஸ்ஸு மாதிரி, கைய காட்டனாலும் நிக்காம போறான்!” அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “கவலப்படாத கலியமூர்த்தி, எனக்கு அந்த ‘ஐயோ’வும் கெடைக்கல” என்றாள்.

முடிவு செய்தது: எழுத்தை எல்லாம் முன்னாலேயே எழுதி எடுத்து மனப்பாடம் செய்ய வேண்டும். அப்போது முதல் வார்த்தையைப் பார்த்தாலே மிச்சம் வந்துவிடும். டீச்சர் வகுப்பு முடிந்ததும் அரை மணி இருந்து எனக்காக மட்டும் நிறுத்தி நிறுத்திக் காட்டுகிறேன் என்றார். எழுத்து இருக்கும் இடத்தை மட்டும். மற்றதை ஓட்டிவிட்டு.

இன்று எழுதி எடுத்தது முப்பத்திரண்டு வரி. சுட்டு விரலில் பள்ளம்.


ஞாயிறு, ஜூலை 20

சிதம்பரம் போய் வந்தேன். காலை பஸ். இந்த நோட்டும் பையில்.

மச்சான் உள் அறையில் நாற்காலியில். தாடி வளர்ந்திருந்தது. மெலிவு. அவர் மகள் வாணி காபி வைத்துவிட்டு என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

“மச்சான், சனிக்கிழமை கடலூர்ல ஒரு படம். போவோமா?”

“எனக்கு எதுக்கு? இருட்டுல உக்காந்து இருட்டப் பாக்கவா?”

“எழுத்துப் போடுவான். நான் படிச்சிச் சொல்றேன்.”

“நீயா?”

“நான்தான்.”

வாணியிடம் பேப்பர் கேட்டு வாங்கி என் பக்கம் நீட்டினார். தலைப்பைப் படித்தேன். பெரிய எழுத்துதான். ஐந்து வார்த்தை. வேர்த்துவிட்டது. முடித்ததும் சொன்னார், “அருமை. நீ ‘சிதம்பரம்’னு படிக்கறதுக்குள்ள நான் பஸ்ஸ எடுத்துக்கிட்டு சிதம்பரமே வந்து சேந்துடுவேன்.”

வாணி வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கும் சிரிப்பு. ஆனால் அவர் முகம் உடனே மூடிக்கொண்டது. “வேணாம் மச்சான். விடு.”

எழுந்திருக்கத்தான் பார்த்தேன். பிறகு நோட்டை எடுத்தேன். மனப்பாடம் செய்தது எதற்கு? முதல் வரியிலிருந்து படித்தேன். லீனா சொல்வதை லீனா போல, திருடர்கள் சொல்வதைத் திருடர்கள் போல. டீச்சர் பட்டன் தட்டுவதையும் சொன்னேன். பாக்கியம் இருமியதையும் சொன்னேன். கண்ணாடி தூங்குகிற வரி வந்ததும் அவர் தலையை என் பக்கம் சாய்த்தார். பஸ்ஸில் பயணி இறங்கும் இடம் சொல்லும்போது அப்படித்தான் சாய்ப்பார்.

புயல் வருகிறது. பலூன் கப்பல் நெருங்குகிறது. மூத்த திருடன் கொக்கி போட்ட கயிற்றை வீசுகிறான். லீனா சொல்கிறாள்: ‘பிடித்துக்கொள், கண்ணாடியே.’

அதோடு நிறுத்தினேன்.

“அப்புறம்?”

“அவ்ளோதான் மச்சான் எழுதியிருக்கேன்.”

“கயிறு மாட்டிச்சா இல்லியா?”

“தெரியல.”

“யோவ், டீச்சரக் கேக்கறதுதான?”

“வகுப்பே அங்கதான் நிக்குது. மிச்சம் சனிக்கிழமை.”

காபியைக் குடித்தார். ஆறிப்போயிருந்தது. நான் செருப்பு மாட்டும்போது உள்ளேயிருந்து குரல், “எத்தன மணிக்கு?”


செவ்வாய், ஜூலை 22

வாணி போன். “மாமா, அப்பா சவரம் பண்ணிக்கிட்டாரு. வெள்ள சட்டைய அயர்ன் பண்ணி வெக்கச் சொல்லிட்டாரு. நாலு நாளு இருக்குப்பான்னா, இருக்கட்டும்ங்கறாரு.”

அஞ்சலை போனை வாங்கிப் பேசினாள். வைத்துவிட்டு ரொம்ப நேரம் அடுப்பைத் துடைத்தாள். சுத்தமாகத்தான் இருந்தது.

இதுவரை எழுதி எடுத்தது நூற்றுப் பத்து வரி. கயிறு மாட்டவில்லை! அதற்கு மேல் எழுத்து குறைவு. டீச்சர் நிறைய ஓட்டினார். கடைசி வரிகளை வெள்ளிக்கிழமை தருகிறேன் என்றார்.

குளிக்கும்போது ஒப்பித்தேன். தண்ணீர் நின்றுபோனது தெரியாமல் ஒப்பித்தேன்.


வெள்ளி, ஜூலை 25

எல்லாம் தயார், மொத்தம் நூற்றுப் பதினேழு வரி. கடைசி வரியும் வந்துவிட்டது: ‘கரை தெரிகிறதா?’ அதற்குப் பதில் எழுத்தில் இல்லை. படத்தில் இருக்கும் போல.

பயம். பள்ளிக்கூடமே போகாதவனுக்குப் பரீட்சைப் பயம்.


சனி, ஜூலை 26

வெயிலும் காற்றும். திரும்பி வந்ததும் சாப்பிடாமல் எழுத உட்கார்ந்தேன். விட்டால் போய்விடும்.

விடியலில் நானும் அஞ்சலையும் சிதம்பரம் போனோம். மச்சான் வெள்ளைச் சட்டையில் வாசலில் நின்றார். வாசலுக்கு வெளியே! என் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொண்டார். பிடி இரும்பு.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார வைத்தோம். பாலத்தில் ஏறியதும், “காத்து மாறுது. வெள்ளாறு” என்றார். அப்புறம் ஒவ்வொரு ஊரும் வருவதற்கு முன்னால் சொன்னார். முட்லூர். புதுச்சத்திரம். நான் வெளியே பெயர்ப்பலகையைப் படித்து, ஆமாம் என்பேன். எங்கள் இரண்டு பேரையும் சேர்த்தால் ஒரு முழுக் கண்டக்டர்.

ஆலப்பாக்கத்துக்கு முன்னால் தடுமாறினார். “இங்க ஒரு வளைவு வருமே. வளைவு எங்க?” ரோட்டை அகலமாக்கி நேராக்கிவிட்டார்கள். அவருக்குத் தெரியாது. பலகை வந்தது. ஒரே பார்வையில் படித்தேன். “ஆலப்பாக்கம், மச்சான்.” “சரியாப் படிச்சியா?” “சரியாத்தான்.” “அப்ப சரி” என்று சாய்ந்துகொண்டார்.

தியேட்டர். பிள்ளைகளின் கூச்சல். பாக்கியம் தலையில் பூ வைத்து, முன் வரிசையில். நாங்கள் ஓரத்தில் மூன்று சீட்டு. நடுவில் மச்சான். நோட்டு என் மடியில்.

விளக்கு அணைந்தது. மஞ்சள் விமானம் வந்தது. சுவரில் பார்த்தபோது கை அகலம் இருந்தது. இங்கே வீடு மாதிரி. வாய் திறந்து முதல் வரியைச் சொல்லப் போனேன்.

லீனா தமிழில் பேசினாள்.

கீழே பார்த்தேன். எழுத்து இல்லை. இன்னொரு வரி பேசினாள். தமிழ்தான், நல்ல தெளிவான தமிழ். கீழே எதுவும் இல்லை. பிள்ளைகளால் எழுத்தைப் படித்துக்கொண்டே பார்க்க முடியாது என்று பேச்சையே தமிழில் மாற்றிய படம் போட்டிருக்கிறார்கள். டீச்சருக்கும் தெரியாது. முன்னாலிருந்து திரும்பி என்னைத் தேடினார், பாவம்.

மச்சான் சொன்னார், “என்னா மச்சான், வெள்ளக்காரி நம்ம பாஷையே பேசறா. உனக்கு வேல மிச்சம்.”

சிரிக்கத்தான் சொன்னார். நான் நோட்டை மூடிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். நூற்றுப் பதினேழு வரி. மச்சான் கேட்டுக்கொண்டிருந்தார், திருடர்கள் சண்டைக்குச் சிரித்தார், கயிறு தப்பியதும் கை தட்டினார். எல்லாம் நான் இல்லாமலே. சந்தோஷப்பட வேண்டியதுதான். பட முடியவில்லை.

பிறகு புயலுக்கு மேலே அவள் ஏறினாள். ஏறி ஏறி, திடீரென்று எஞ்சின் நின்றது. பாட்டும் இல்லை. பேச்சும் இல்லை. தியேட்டரே சத்தம் இல்லாமல் போனது.

மச்சான் முழங்கையால் இடித்தார். “கரண்ட் போயிடுச்சா?”

“இல்ல. எஞ்சின் நின்னுடுச்சி.”

“ஐயையோ. அப்புறம்?”

எனக்கு இந்த இடம் தெரியாது. எழுத்து இல்லாத இடம். டீச்சர் ஓட்டிவிட்ட இடம். இத்தனை நாள் ஈ மாதிரி விர்ரென்று போனது இதுதானா? இதையா விட்டுவிட்டோம்?

“யோவ் மச்சான். ஊமையாயிட்டியா? வுழுந்துட்டாளா?”

“வுழல.”

“பின்ன?”

“நிக்கறா.”

“எவன் பட்டன் தட்டனது?”

“யாரும் தட்டல மச்சான். தானா நிக்குது. மெதக்குது.”

எங்களுக்கு முன் வரிசையில் இருந்த ஒரு ஆசிரியர் திரும்பினார். “பெரியவரே, கொஞ்சம் பேசாம பாருங்க.”

மச்சான் குரலை உயர்த்தாமல் சொன்னார், “அவரு பேசனாதாங்க நான் பாக்க முடியும்.”

அந்த ஆசிரியர் மச்சான் முகத்தைப் பார்த்தார். திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அவரும் தலையைப் பின்னால் சாய்த்து நான் சொல்வதைக் கேட்பது தெரிந்தது.

என்ன சொன்னேன் என்று இப்போது ஒழுங்காக நினைவில்லை. வெள்ளையா இருக்கு மச்சான். கீழ எல்லாம் வெள்ள. இரு. ஐயோ. நெழலு தெரியுது. இரு, இரு. பாதி வார்த்தை வாயில் வருவதற்குள் அடுத்தது வந்துவிட்டது. அன்றைக்கு ‘மெதுவா’ என்று படிப்பதற்குள் போனது போலத்தான். ஆனால் மச்சான் அவசரப்படுத்தவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திரைக்கு நேராகத் தூக்கி வைத்திருந்தார். அவர் முகத்தில் மஞ்சள் வெளிச்சம் போய்ப் போய் வந்தது.

கடைசியில் தீவு. கண்ணாடி மாட்டினார்கள். லீனா கேட்டாள், கரை தெரிகிறதா? பதில் பேச்சில் இல்லை. விளக்கு சுற்றியது. கடல் முழுக்கப் படகுகள், ஒவ்வொன்றாக ஒரு சின்ன விளக்கை ஏற்றிக் காட்டின. அதைத் தடுமாறாமல் சொன்னேன். மச்சான், “எத்தன படகு?” என்றார். எண்ணினேன். “பதினாறு.” “போதும்” என்றார்.

வெளிச்சம் போட்டுவிட்டார்கள். பிள்ளைகள் எழுந்து ஓடினார்கள். கறுப்பில் வெள்ளையாகப் பெயர்கள் மேலே போகத் தொடங்கின. தமிழில் குரல் கொடுத்தவர்கள். எழுத்து! கடைசியில் எனக்கு எழுத்து. எழுந்து நின்று படித்தேன். ரேவதி. அடுத்தது பாதி. குமார். அடுத்தது போய்விட்டது.

மச்சான் உட்கார்ந்தபடியே கேட்டார், “உன் பேரு வந்துச்சா?”

குரலில் ஒன்றும் இல்லை. பஸ்ஸில் டிக்கெட் கேட்பது போலக் கேட்டார்.

ஐந்து படம் டிவியில் பார்த்ததைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

“என் பேரு இல்ல மச்சான் இந்தத் தடவ. உன் பேரு வந்துது. விமானம் ஓட்டியவர், தண்டபாணி.”

மச்சான் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“கூட்டத்தோடவா, தனியாவா?”

“தனியா. பெரிய எழுத்து.”

“ரொம்ப நேரம் நின்னுதா?”

“நின்னுது. நான் முழுசா படிச்சேன் பாரு.”

அவர் மெல்லத் தலையை ஆட்டினார். பிறகு தோள் குலுங்கியது. சிரிப்பு என்று நினைக்கிறேன். அஞ்சலை, “ரெண்டும் ஒரே ரகம், எழுந்திருங்க, கூட்டுறவங்க வந்துட்டாங்க” என்றாள்.

கை இனி ஓடாது. மிச்சம் நாளை.


ஞாயிறு, ஜூலை 27

காற்று நின்றுவிட்டது. காலையில் கட்டை விரலுக்கு எண்ணெய் தேய்த்தேன்.

நேற்று மதியம் மச்சானை வீட்டில் விட்டு வந்தோம். வாசலில் ஏறும்போது என் கையை விடாமல் சொன்னது:

“நீ நேத்தி வரைக்கும் எழுதனதெல்லாம் பேச்சு. பேச்சு எனக்கே கேட்டுது. அந்த எஞ்சின் நின்ன எடத்துல நீ பாதிய முழுங்கிட்ட. அத எழுதிக் கொண்டா. ஒண்ணு வுடாம.”

“எனக்கு வேகம் வராது மச்சான்.”

“யாரு வேகம் கேட்டா? ஆடி முடியறதுக்குள்ள கொண்டா. நீ எடுத்துக்கிட்டு வர்றியோ, நான் பஸ் ஏறி வரவோ?”

பஸ் ஏறி வரவோ என்று கேட்டார். அஞ்சலை அதைக் கேட்டாள். வாணியும் கேட்டாள்.

அதனால் எழுதுகிறேன். மச்சானுக்குப் படித்துக் காட்ட.

எஞ்சின் நின்றதும் முதலில் விசிறி தெரிகிறது. ஓடும்போது அது தெரியாது, வெறும் காற்று வட்டம். நிற்கும்போதுதான் அதற்கு மூன்று இலை என்று தெரிகிறது. ஒரு இலையில் கீறல்.

லீனா கைகளை மடியில் வைத்துக்கொள்கிறாள். கிரீஸ் கை. பயப்படவில்லை. திரும்பிக் கண்ணாடியைப் பார்க்கிறாள். மெத்தை விலகி ஒரு ஓரம் தெரிகிறது. அந்த ஓரத்தில் வெயில் பட்டு ஏழு நிறமும் அவள் தோளில் விழுகிறது.

கீழே மேகம். பஞ்சு என்று சொல்லலாம், ஆனால் பஞ்சு இல்லை. விடியலில் உப்பளத்தில் பாத்தி பாத்தியாக வெள்ளை இருக்குமே, அது முடிவே இல்லாமல் போனால் எப்படி, அப்படி. மேடு உண்டு, பள்ளம் உண்டு. பள்ளத்தில் நீல நிழல்.

அந்த வெள்ளை மேல் விமானத்தின் நிழல் ஓடுகிறது. சின்னது, தும்பி அளவு. நிழலைச் சுற்றி ஒரு வட்ட வானவில். நிழல் போகும் இடமெல்லாம் அதுவும் கூடவே போகிறது, தாயைப் பிடித்த குழந்தை போல. நேற்று இதைத்தான் ‘நிழல் தெரியுது, இரு’ என்று சொன்னேன். இவ்வளவு இருக்கிறது மச்சான் அதில்.

காற்றின் சத்தம் மட்டும். அது உனக்கும் கேட்டிருக்கும். இறக்கையில் கட்டிய ஒரு கம்பி மட்டும் மெல்ல ரீங்காரம் செய்யும்.

விமானம் இறங்குகிறதா, நிற்கிறதா, எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை என்று நினைக்கிறேன். அவள் கண்ணை மூடிக்கொள்கிறாள். ஆமாம், அந்த இடத்தில் அவள் கண்ணை மூடித்தான் ஓட்டினாள். முகத்தைக் காற்றுக்குக் காட்டி, இடது பக்கம் காற்று ஏறினால் இடது பக்கம் சாய்ந்து, காற்று மாறினால் தானும் மாறி. பாலத்தில் நீ வெள்ளாறு என்று சொன்னாயே, அப்படி. அப்போது தூரத்தில் பறவைகள்.

பறவைகள் இருபதுக்கு மேல். அவற்றை எழுத இன்று கையில் பலம் இல்லை. ஒவ்வொன்றின் இறக்கையும் வேறு. அவசரமாக எழுதினால் ஈ மாதிரி ஆகிவிடும். அஞ்சலை பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இதுல என்னா எழுதியிருக்கு, விமானம் எங்க இருக்கு என்று கேட்கிறாள். வரியைத் தொட்டுக் காட்டினேன்.

அடுத்த ஞாயிறு இந்த வரியிலிருந்தே எழுதுவேன். அதுவரை பட்டனைத் தட்டிவிட்டேன், மச்சான். மஞ்சள் விமானம் மேகத்துக்கு மேலே நிற்கட்டும். பின்னால் கண்ணாடி தூங்கட்டும்.